வீட்டில் காய்ச்சும் சாக்லேட் சாஸ் மறுநாளே பூத்துப்போகிறது: எங்கே தவறுகிறேன்?

கெடிலக்கரை (கடலூர்)

அனைவருக்கும் வணக்கம். மூன்று முறை முயன்றும் எனக்குக் கைகூடாத ஒன்றைப் பற்றிக் கேட்கவே இதை எழுதுகிறேன்.

கோடை விடுமுறையில் புதுச்சேரியில் இருக்கும் என் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தோம். ஒருநாள் காலை அவர் மைதா, முட்டை, பால் மூன்றையும் கரைத்துக் காகிதம் போல் மெல்லியதாக வார்த்து, கிரேப் என்று அங்கே சொல்லும் அந்தத் தோசையை நான்காக மடித்து, மேலே சாக்லேட் சாஸ் ஊற்றிக் கொடுத்தார். காலையில் எதைக் கொடுத்தாலும் பாதியில் எழுந்துவிடும் என் பத்து வயது மகன், அன்று தட்டை வழித்துச் சாப்பிட்டான். ஊர் திரும்பியதிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதையே கேட்கிறான். சாஸ் மட்டும் புட்டியில் வாங்கியது என்று நாத்தனார் சொன்னார். அந்தப் புட்டியின் பின்பக்கத்தைப் படித்தேன்; பொருட்களின் வரிசையில் சர்க்கரை முதலில் இருந்தது, கோகோ வெகு பின்னால்தான் வந்தது. வாரம் ஒருமுறை பிள்ளைக்குக் கொடுக்கப்போவதை வீட்டிலேயே காய்ச்சிவிடலாம் என்று அப்போதுதான் முடிவு செய்தேன்.

முதல் முறை, கொதிக்கும் சர்க்கரைத் தண்ணீரில் கோகோ தூளை அப்படியே கொட்டினேன். தூள் திப்பி திப்பியாக மேலே மிதந்தது. ஒரு திப்பியைக் கரண்டியால் அழுத்தினால், உள்ளே தண்ணீரே படாத உலர்ந்த தூள் இருந்தது. எவ்வளவு கிளறியும் கரையவில்லை. கடைசியில் வடிகட்டியதில் பாதிக் கோகோ வடிகட்டியிலேயே நின்றுவிட்டது.

இரண்டாம் முறை தூளைச் சலித்துக்கொண்டேன். ஒரு கப் சர்க்கரை, ஒரு கப் தண்ணீர், அரை கப் கோகோ. கொதித்த பிறகும் ரசம் போல ஓடியதால், கரண்டியிலிருந்து தேன் போல விழும் வரை ஏறத்தாழ 20 நிமிடம் அகலமான வாணலியில் வைத்துக் காய்ச்சினேன். இரவு அது பளபளவென்று மிக அழகாக இருந்தது. கண்ணாடிப் புட்டியில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தேன். காலையில் கரண்டி உள்ளே இறங்கவில்லை. சுரண்டி எடுத்து வாயில் போட்டால் மணலைக் கடிப்பது போல நறநறவென்று இருந்தது.

மூன்றாம் முறை, வெள்ளைச் சர்க்கரையே வேண்டாம் என்று பாலில் கோகோவைக் கரைத்துக் கொதிக்கவிட்டு வெல்லத்தைத் தட்டிப் போட்டேன். பால் திரிந்து, பழுப்பு நிறத் தண்ணீரில் துகள் துகளாக நின்றது.

கொஞ்சம் சோள மாவு சேர்த்தால் இவ்வளவு நேரம் காய்ச்ச வேண்டியதில்லை என்று என் கணவர் சொல்கிறார். அது சரிதானா? எந்தக் கோகோ தூள் வாங்க வேண்டும், எத்தனை நாள் வைத்துக்கொள்ளலாம் என்பதையும் அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

முத்தியால்பேட்டை (புதுச்சேரி)

வணக்கம், சகோதரி. பதினான்கு ஆண்டுகளாகப் பேக்கரி அடுக்களையில் வேலை செய்கிறேன். நீங்கள் மூன்று முறை செய்ததையும் இவ்வளவு தெளிவாக எழுதியிருப்பதால், தவறு எங்கே என்று சொல்வது எளிதாக இருக்கிறது. பொருட்களில் குறை இல்லை. சேர்த்த வரிசையும் அடுப்பிலிருந்து இறக்கிய நேரமும்தான் மாற வேண்டும்.

முதலில் திப்பியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கோகோ தூளில் கொழுப்பு உண்டு. நாம் வாங்கும் தூளில் பொதுவாக 10 முதல் 12 சதவீதமும், உயர்ந்த வகைகளில் 20 முதல் 22 சதவீதமும் இருக்கும். அந்தக் கொழுப்பு தண்ணீரை எளிதில் உள்ளே விடாது. அதோடு கோகோவில் இயற்கையாகவே மாவுச்சத்தும் இருப்பதால், கொதிநீரில் கொட்டியவுடன் வெளிப்புறம் வெந்து தோலாக மூடிக்கொள்கிறது. உள்ளே இருக்கும் தூள் நனைவதே இல்லை. கேழ்வரகு மாவைக் கொதிக்கும் உலையில் நேராகக் கொட்டினால் கட்டி தட்டுவதும் இதே காரணத்தால்தான். கூழ் காய்ச்சுகிறவர்கள் மாவை முன்னதாகவே கரைத்துக்கொள்வதைப் போல, இதையும் முன்னதாகக் குழைத்துக்கொள்ள வேண்டும்.

என் அளவு இது: கோகோ தூள் 60 கிராம், சர்க்கரை 150 கிராம், தண்ணீர் 180 மில்லி, உப்பு இரண்டு சிட்டிகை, கடைசியில் அரை டீஸ்பூன் வெனிலா எசென்ஸ். கப்பில் அளக்காமல் தயவுசெய்து தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் கோகோவை அழுத்தி நிரப்பினால் ஒரு எடை வரும், தூவி நிரப்பினால் வேறொரு எடை வரும்.

தூளையும் சர்க்கரையையும் உப்பையும் உலர்ந்த பாத்திரத்தில் நன்றாகக் கலந்துகொள்ளுங்கள். சர்க்கரைக் குருணைகள் தூளுக்கு இடையே புகுந்து அதைப் பிரித்து வைக்கும், அதன் பிறகு கட்டி தட்ட வழியில்லை. பிறகு வெந்நீரிலிருந்து நான்கு மேசைக்கரண்டி மட்டும் ஊற்றி, இட்லி மாவைவிடக் கெட்டியான விழுதாகக் குழையுங்கள். தொடக்கத்தில் ஒட்டாமல் உதிர்வது போலத்தான் இருக்கும். ஒரு நிமிடம் விடாமல் தேய்த்தால் திடீரென்று இளகி, மினுமினுப்பான கருப்பு விழுதாக மாறும். மாறிய அந்த நொடியில் எழும் மணத்தை வைத்தே அந்தத் தூள் எப்படிப்பட்டது என்று சொல்லிவிடலாம். பிறகு மீதித் தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கரைத்து அடுப்பில் ஏற்றுங்கள்.

அடி கனமான பாத்திரம் வேண்டும், தீ மிதமாக இருக்க வேண்டும். கொதி வந்ததும் பொங்கும், அதனால் பாத்திரம் பாதிக்கு மேல் நிரம்பியிருக்கக் கூடாது. தீயைக் குறைத்து, அடியைத் துழாவிக்கொண்டே மூன்று அல்லது நான்கு நிமிடம் கொதிக்கவிட்டால் போதும். அந்த நேரத்திற்குள் கோகோவின் பச்சை வாசனை போய்விடும், அதிலுள்ள மாவுச்சத்தும் வெந்துவிடும். ஆகவே சோள மாவு தேவையில்லை. உங்கள் கணவர் சொல்வது தவறு என்று சொல்ல மாட்டேன். சோள மாவு சேர்த்துச் செய்கிறவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆனால் அது கோகோவின் சுவையை மூடிவிடும், ஃப்ரிட்ஜில் வைத்தால் களி போல இறுகும், மீண்டும் சூடாக்கினால் நீர் பிரியும்.

இறக்கும் நேரத்தில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். சூடாக இருக்கும்போது சாஸ் ஓட வேண்டும். கண்ணுக்கு நீர்த்திருப்பதாகத் தோன்றும் நேரமே சரியான நேரம். ஆற ஆற அது தானே கெட்டிப்படும். கண்ணை நம்ப முடியவில்லை என்றால் எடையை நம்பலாம். வெறும் பாத்திரத்தின் எடையை முதலில் குறித்து வையுங்கள். என் பாத்திரம் 410 கிராம். உள்ளே போட்டது மொத்தம் 390 கிராம், அது 340 ஆனதும் நான் நிறுத்திவிடுகிறேன். அதாவது தராசில் 750 என்று காட்ட வேண்டும். சூடான பாத்திரத்தை நேராகத் தராசில் வைத்தால் தராசு கெட்டுவிடும். மடித்த துணியையோ மணையையோ தராசின் மேல் வைத்து, பூஜ்யம் ஆக்கிக்கொண்ட பிறகே வையுங்கள். எடை 750க்குக் கீழே இறங்கிவிட்டால் குறைந்த அளவு வெந்நீரைச் சேர்த்து ஒரு கொதி விட்டால் போதும், எதுவும் வீணாகாது.

வெனிலாவை அடுப்பை அணைத்த பிறகு சேருங்கள், கொதியில் சேர்த்தால் மணம் ஆவியோடு போய்விடும். விரும்பினால் அப்போதே ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயும் சேர்க்கலாம், பளபளப்பு கூடும். வடிகட்டி, உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் ஊற்றி, ஆறும் வரை மேலே ஏடு படியாதபடி மூடி வையுங்கள். கால் லிட்டருக்குச் சற்று மேலே கிடைக்கும்.

தூளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கடையில் இரண்டு வகை உண்டு. ஒன்று இயற்கையான தூள்: வெளிர் பழுப்பு, கொஞ்சம் புளிப்பு. மற்றொன்று காரம் சேர்த்துப் பக்குவப்படுத்திய தூள்: அடர்ந்த நிறம், புளிப்பு இல்லாத சுவை, தண்ணீரிலும் எளிதில் கலக்கும். கோகோ விழுதை அழுத்திக் கொழுப்பைப் பிரிக்கும் முறைக்கு 1828இல் ஹாலந்தில் வான் ஹூட்டன் குடும்பத்தார் உரிமம் பெற்றார்கள். காரம் சேர்க்கும் முறையும் அவர்களிடமிருந்தே வந்தது என்பதால் இந்த வகைக்கு இன்றும் டச்சு கோகோ என்று பெயர். பாக்கெட்டின் பின்னால் அமிலத்தன்மையைச் சீராக்கும் பொருள் என்று போட்டு 501 அல்லது 500 என்ற எண் இருந்தால் அது இரண்டாம் வகை. சாஸுக்கு நான் இரண்டாவதையே வாங்குவேன். எதை வாங்கினாலும், பாலில் கலக்கிக் குடிக்கும் இனிப்புப் பொடியாக இருந்துவிடக் கூடாது. அதில் பெரும்பகுதி சர்க்கரைதான், மாவுக்கு மாவாக நின்று ஏமாற்றிவிடும்.

முதுநகர் ஆசிரியர் (கடலூர்)

முப்பது ஆண்டுகள் பள்ளியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். மேலே நண்பர் எழுதியது அனைத்தும் சரி. இரண்டாம் முறை சாஸ் ஏன் பூத்துப்போனது என்பதைக் கணக்காகவே காட்டிவிடலாம் என்பதால் எழுதுகிறேன்.

கொதிநிலையில் 100 கிராம் தண்ணீர் ஏறத்தாழ 480 கிராம் சர்க்கரையைத் தாங்கும். அறை வெப்பத்தில் 200 கிராம் அளவுக்குத் தாங்கும். ஃப்ரிட்ஜின் குளிரில் 180 கிராம்தான் தாங்கும். நீங்கள் போட்ட ஒரு கப் சர்க்கரை 200 கிராம் என்று வைத்துக்கொண்டால், அது குளிரிலும் கரைந்தே இருக்க 111 கிராம் தண்ணீராவது மிஞ்சியிருக்க வேண்டும். தொடக்கத்தில் நீங்கள் ஊற்றியது 240 மில்லி. அகலமான வாணலியில் 20 நிமிடம் கொதித்தால் அதில் பாதிக்கு மேல் ஆவியாகிவிடும். அடுப்பின் மேல் இருந்தவரை அந்தக் கொஞ்சத் தண்ணீரே அத்தனை சர்க்கரையையும் தாங்கிக்கொண்டது, அதனால்தான் இரவு பளபளவென்று இருந்தது. குளிர்ந்தபோது தாங்க முடியாத சர்க்கரை குருணையாகப் பிரிந்துவிட்டது. நீங்கள் பல்லில் கடித்தது அந்தக் குருணைகளைத்தான்.

நண்பரின் அளவை இதே கணக்கில் போட்டுப் பார்த்தேன். 340 கிராமில் கோகோவும் சர்க்கரையும் போக, தண்ணீர் 130 கிராம் நிற்கிறது. 150 கிராம் சர்க்கரைக்குக் குளிரில் 83 கிராம் தண்ணீர் போதும். கோகோ தன் பங்குக்கு உறிஞ்சிக்கொள்ளும் நீரையும் கழித்துக்கொண்டால்கூட இடைவெளி தாராளமாக இருக்கிறது. ஆகவே அந்த 750 என்ற எண்ணை விட்டுவிடாதீர்கள்.

ஜாங்கிரிப் பாகில் நம் வீட்டுப் பெண்கள் எலுமிச்சைச் சாறு சொட்டுவதும் பாகு பூக்கக் கூடாது என்பதற்காகத்தான். அமிலம் பட்டுக் கொதிக்கும்போது சர்க்கரையின் ஒரு பகுதி குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்று பிரிகிறது. கலவையாக இருக்கும் சர்க்கரை ஒழுங்காக அடுக்கிப் படிகமாகாது. சாஸிலும் இதைச் செய்யலாம், ஆனால் தண்ணீர் சரியாக நின்றுவிட்டால் அவசியமில்லை.

பூத்துப்போன அந்தப் புட்டியை இன்னும் வைத்திருந்தால் எறிய வேண்டாம். மூன்று மேசைக்கரண்டி வெந்நீரைச் சேர்த்து, புட்டியிலிருப்பதைப் பாத்திரத்துக்கு மாற்றி, சிறு தீயில் குருணை அத்தனையும் கரையும் வரை சூடாக்குங்கள். பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் குருணையையும் ஈரத் துணியால் துடைத்துவிட வேண்டும். ஒன்றிரண்டு மிஞ்சினாலும் அவற்றையே பிடித்துக்கொண்டு மீண்டும் படிகம் வளரும்.

எத்தனை நாள் வைக்கலாம் என்பதற்கும் இதே கணக்கு உதவும். ஜாம் போலச் சர்க்கரை 65 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பூஞ்சை எளிதில் வளராது. இந்தச் சாஸில் தண்ணீரோடு சேர்த்துப் பார்த்தால் சர்க்கரை 54 சதவீதம்தான். ஆகவே நம் கடலோரக் காற்றில் வெளியே வைக்கக் கூடாது. ஃப்ரிட்ஜில், ஈரமில்லாத கரண்டியால் எடுத்தால், இரண்டு வாரம் நன்றாக இருக்கும். பால் சேர்த்ததை நான்கு நாளுக்கு மேல் வைக்காதீர்கள்.

பலாச்சுளை (பண்ருட்டி)

அக்கா, உங்கள் மூன்றாவது முயற்சியை யாரும் தொடவில்லை என்பதால் நான் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் வெல்லத்தில்தான் செய்கிறோம், நன்றாகவே வருகிறது. கைவிட்டுவிடாதீர்கள்.

பால் திரிந்ததற்குக் காரணம் வெல்லமும் கொதியும் ஒன்றாகச் சேர்ந்ததுதான். வெல்லத்தில் இயல்பாகவே புளிப்பும் உப்புகளும் உண்டு. கொதிக்கும் பாலில் அதைப் போட்டால் திரிந்துவிடும் என்பதால்தான், வெல்லப் பாயசத்துக்குப் பாலைச் சேர்க்கும்போது இரண்டையும் ஆறவிட்டுச் சேர்க்கச் சொல்லி என் மாமியார் கண்டிப்பாக நிற்பார். இங்கே இயற்கையான கோகோவின் புளிப்பும் சேர்ந்துகொண்டது. ஆகவே வெல்லச் சாஸ் வேண்டுமென்றால் அடுப்பில் இருக்கும்போது பால் என்ற பேச்சே கூடாது.

வெல்லம் 170 கிராம் எடுத்து 180 மில்லி தண்ணீரில் கரையவிட்டு, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். வெல்லத்தில் மண் இருக்கும், அதை விட்டுவிட்டுப் பிறகு நறநறக்கிறது என்று கோகோவைக் குறை சொல்லக் கூடாது. வடிகட்டிய சூடான பாகில் கொஞ்சம் எடுத்துக் கோகோவை விழுதாகக் குழைத்து, மீதிப் பாகை ஊற்றிக் கரைத்து, மூன்று நிமிடம் கொதிக்கவிட்டால் முடிந்தது. கம்பிப் பதமெல்லாம் வேண்டாம். இரு விரலுக்கு இடையே ஒட்டும் பிசுக்குப் பதம் போதும். ஆசிரியர் ஐயா சொன்ன குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் வெல்லத்தில் முன்பே ஓரளவு இருப்பதால், இது சர்க்கரைச் சாஸைப் போல எளிதில் பூப்பதில்லை. இதை எங்கள் புட்டியிலும் பார்த்திருக்கிறேன்.

சுவை வேறாகத்தான் இருக்கும், அதை மறைக்க மாட்டேன். கரும்பு வாசனை முன்னால் நிற்கும், கோகோ பின்னால் வரும். மைதாவில் வார்க்கும் கிரேப்புக்கு இது அவ்வளவாகப் பொருந்தாது. ஆனால் கேழ்வரகுத் தோசைக்கும் கோதுமைத் தோசைக்கும் இதைப் போல ஒன்று கிடையாது. கேழ்வரகில் வெல்லம் போட்டு இனிப்பு அடை தட்டிச் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு அது புதிதாகவே தெரியாது. மேலே பூவன் பழத்தை வட்டமாக நறுக்கி வைத்து, எங்கள் ஊர் முந்திரியை வறுத்து உடைத்துத் தூவிக் கொடுத்தால் என் பெண்கள் இருவரும் வேறு எதையும் கேட்பதில்லை.

கொஞ்சம் பால் சுவை வேண்டுமென்றால், சாஸ் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு, அன்றைக்கு வேண்டிய அளவை மட்டும் தனியே எடுத்து, முதல் தேங்காய்ப்பால் இரண்டு கரண்டி கலந்துகொள்ளுங்கள். அதை மீண்டும் கொதிக்க வைக்கக் கூடாது, மறுநாளுக்கும் வைக்கக் கூடாது.

வெண்ணெய் விஷயத்தில் மட்டும் புதுச்சேரி அண்ணாவோடு எனக்கு உடன்பாடில்லை. சூடாக ஊற்றும்போது அது பளபளக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த உடனே ஊற்றினால் வெண்ணெய் உறைந்து சின்னச் சின்ன மணியாக நிற்கிறது. பள்ளிக்கூட நாள் காலையில் அதை உருக்கிக்கொண்டு நிற்க யாருக்கு நேரம் இருக்கிறது?

வில்லியனூர்

இதே பேச்சில் என் சந்தேகத்தையும் கேட்டுக்கொள்கிறேன். நான் கோகோ தூளுக்குப் பதிலாகச் சாக்லேட் பாளத்தை உருக்கிச் சாஸ் செய்தேன். கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணத்தை வைத்து உருக்கியபோது நன்றாகவே உருகியது. கெட்டியாக இருக்கிறதே என்று ஒரு டீஸ்பூன் தண்ணீர் விட்டேன். விட்ட உடனே மொத்தமும் இறுகிக் கரடுமுரடான உருண்டையாகிவிட்டது. தண்ணீர் விட்டால் இளக வேண்டியது எப்படி இறுகும்?

முத்தியால்பேட்டை (புதுச்சேரி)

வில்லியனூர் நண்பருக்கு: கொஞ்சம் தண்ணீர் விட்டதுதான் தவறு. தாராளமாக விட்டிருந்தால் இப்படி ஆகியிருக்காது.

உருகிய சாக்லேட் என்பது கோகோ கொழுப்பில் மிதக்கும் சர்க்கரைத் தூளும் கோகோ தூளும்தான். அதில் தண்ணீரே இல்லை. ஓரிரு சொட்டுத் தண்ணீர் விழுந்ததும் சர்க்கரை அதை உறிஞ்சிப் பிசுபிசுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. உலர்ந்த சர்க்கரைச் சம்படத்தில் ஈரக் கரண்டி பட்டால் கட்டி பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். சர்க்கரை முழுதும் கரைந்துபோகும் அளவுக்குத் தண்ணீர் இருந்துவிட்டால் மீண்டும் இளகிவிடும். உங்கள் உருண்டையில் இன்னும் சில கரண்டி வெந்நீரோ சூடான பாலோ ஊற்றி, சிறு தீயில் வைத்துக் கிளறினால் அது சாஸாகவே திரும்பி வரும். மீண்டும் பாளமாக உறைய வைக்க மட்டும் முடியாது.

பாளத்தில் செய்வதென்றால் நான் செய்யும் முறை: 100 கிராம் சாக்லேட்டைப் பொடியாக நறுக்கிக் கிண்ணத்தில் போட்டு, 150 மில்லி ஃப்ரெஷ் க்ரீமைக் கொதி வரும் நிலைவரை சூடாக்கி அதன்மேல் ஊற்றி, இரண்டு நிமிடம் தொடாமல் விட்டு, பிறகு நடுவிலிருந்து வெளிப்புறமாகக் கிளறுவேன். கோகோ கொழுப்பு 34 டிகிரியிலேயே உருகிவிடும், அதற்கு நேரடி நெருப்பே வேண்டாம். வாங்கும்போது பொருட்களின் பட்டியலைப் பாருங்கள். கோகோ பட்டர் என்று இருந்தால் அது சாக்லேட். அதற்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு என்று இருந்தால் அது காம்பவுண்ட். விலை குறைவு, ஆனால் நாக்கில் மெழுகு போல ஒட்டும், காலையில் வெறும் வயிற்றில் சாப்பிடுகிற பிள்ளைக்கு அதைக் கொடுக்க எனக்கு மனம் வராது. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புகளுக்கு ஊடே கோகோ விளைகிறது. கொட்டையை வறுத்து அரைப்பதிலிருந்து எல்லாவற்றையும் தாங்களே செய்கிறவர்கள் ஆரோவில் பக்கத்திலும் இருக்கிறார்கள். அவர்களுடைய பாளம் ஒன்றை வாங்கி ஒருமுறை இப்படிச் செய்து பாருங்கள், பிறகு காம்பவுண்ட் பக்கம் போக மாட்டீர்கள்.

பண்ருட்டித் தங்கை வெண்ணெயைப் பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். பேக்கரியில் நாங்கள் சாஸை எப்போதும் வெந்நீர்த் தொட்டியில் வைத்திருப்பதால் அந்தத் தொல்லை எங்களுக்குத் தெரிவதில்லை. வீட்டுக்கு வெண்ணெய் இல்லாமல் செய்வதே நல்லது.

ஊற்றும் சூட்டைப் பற்றியும் ஒரு சொல். சாஸ் கொதிக்கக் கொதிக்க இருந்தால் கிரேப்புக்குள் ஊறி அது தொளதொளத்துவிடும். குளிர்ந்தே இருந்தால் தோசையின் சூட்டைக் குறைத்துவிடும். வேண்டிய அளவைச் சிறு கிண்ணத்தில் எடுத்து, வெந்நீரில் ஐந்து நிமிடம் வைத்து, வெதுவெதுப்பாக ஊற்றுவதே சரி.

முதுநகர் ஆசிரியர் (கடலூர்)

பிள்ளைகளுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதை யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். மேலே உள்ள அளவில் ஒரு மேசைக்கரண்டிச் சாஸில் சர்க்கரை 8 கிராம் வரும். நாம் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை ஒருநாள் மொத்த உணவாற்றலில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வளர்ந்தவருக்கே அந்த 5 சதவீதம் 25 கிராம் அளவுதான். பத்து வயதுப் பையனுக்கு ஒரு காலைக்கு ஒரு மேசைக்கரண்டி, மிஞ்சினால் ஒன்றரை. புட்டியைச் சாய்த்து ஊற்றாமல் கரண்டியால் ஊற்றினால் கைக்கு அளவு பழகிவிடும்.

கெடிலக்கரை (கடலூர்)

பதில் எழுதிய அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. சனிக்கிழமை இரவு காய்ச்சி, ஞாயிறு காலை பரிமாறி, இன்று வியாழக்கிழமை வரை பொறுத்திருந்த பிறகே எழுதுகிறேன், ஏனெனில் மறுநாள் என்ன ஆகிறது என்பதுதான் என் கேள்வியே.

என் பாத்திரம் 365 கிராம், ஆகவே என் எண் 705. தூளையும் சர்க்கரையையும் கலந்து நான்கு கரண்டி வெந்நீர் ஊற்றியபோது, அண்ணா எழுதியிருந்தபடியே முதலில் உதிரி உதிரியாக நின்றது. இதுவும் தவறிவிட்டதோ என்று கை ஒரு கணம் தயங்கியது. விடாமல் தேய்த்தேன். சட்டென்று இளகிக் கரண்டியின் பின்புறத்தில் கண்ணாடி போல ஒட்டியது. சமையலறை முழுக்க மணம் பரவியதும் கூடத்தில் படித்துக்கொண்டிருந்த மகன் புத்தகத்தை விட்டுவிட்டு வந்து நின்றான். தராசின் எண்ணைப் படித்துச் சொல்லும் வேலையை அவனிடமே கொடுத்தேன். 738 என்றான், பிறகு 719 என்றான், மூன்றாம் முறை வைத்தபோது 702. மூன்று கிராம் குறைந்துவிட்டதால் ஒரு சிறு கரண்டி வெந்நீர் விட்டு ஒரு கொதி கொடுத்தேன். அப்போதும் அது ரசத்தைவிடக் கொஞ்சம் கெட்டியாகத்தான் இருந்தது. எழுதியவர்களை நம்பி இறக்கிவிட்டேன்.

காலையில் புட்டியைச் சாய்த்துப் பார்த்தபோது மெதுவாக நகர்ந்து வந்தது. நாக்கில் ஒரு குருணைகூட இல்லை. கிரேப் வார்க்க எனக்கு இன்னும் கை வரவில்லை, முதல் இரண்டு கிழிந்துவிட்டன. மீதியை மடித்து ஆளுக்கு ஒரு கரண்டி ஊற்றிக் கொடுத்தேன். நாத்தனார் வீட்டுச் சாஸைவிட இது கொஞ்சம் கசக்கிறது என்று மகன் சொன்னான். ஆனால் தட்டில் மிச்சம் வைக்கவில்லை. என் கணவர் இரண்டாவது கேட்டார். சோள மாவைப் பற்றி அவர் பிறகு பேசவில்லை.

இன்று காலை வரை புட்டி அப்படியே இருக்கிறது; ஓரத்திலும் மூடியிலும்கூடப் பூக்கவில்லை. பழைய புட்டியையும் ஆசிரியர் ஐயா சொன்னபடி வெந்நீர் விட்டுக் கரைத்துப் பார்த்தேன். முக்கால்வாசி மீண்டது, வாணலியின் ஓரத்தில் பிடித்திருந்ததைத் துடைக்கத் தவறியதால் அடியில் மட்டும் கொஞ்சம் குருணை தங்கிவிட்டது. அதைப் பாலில் கலந்து குடித்துத் தீர்த்துவிட்டோம்.

பண்ருட்டித் தங்கைக்கு: வெல்லம் வாங்கி வைத்திருக்கிறேன், கேழ்வரகு மாவும் இருக்கிறது. வரும் ஞாயிறு அதைத்தான் செய்யப்போகிறேன். வெல்லம் 170 கிராம், தண்ணீர் 180, கோகோ அதே 60 என்றால், இறக்கும் எடையை 360 என்று வைத்துக்கொள்ளட்டுமா, இல்லை பிசுக்குப் பதத்தை விரலால் பார்ப்பதே போதுமா என்று மட்டும் சொல்லுங்கள்.

பலாச்சுளை (பண்ருட்டி)

360 சரிதான், அக்கா. ஆனால் வெல்லத்துக்கு வெல்லம் ஈரம் மாறும், மழைக்காலத்தில் வாங்கியது இன்னும் கசியும். ஆகவே எடை 370 வந்ததுமே ஒரு சொட்டைத் தட்டில் விட்டு, ஆறியதும் விரலால் தொட்டுப் பாருங்கள். ஒட்டினால் அப்போதே இறக்கிவிடுங்கள்.